தானே

கடைப் பெடியன் கேட்டான்:
"பேக்கப் எடுத்து வைச்சனீங்களா அக்கா?"
இல்லை.
"ஸ்கிரீன்ஷொட்?"
இல்லை.
"அப்ப என்னத்தை எடுக்கிறது?"

மத்திய வீதியில் பின்னேரம் நாலு மணி.
வாசலில் ஒரு புள்ளிமான்
கொத்துரொட்டி சுற்றி வந்த பொலித்தீனை
நக்கிக்கொண்டு நின்றது.
ஹோர்ன் அடித்த ஓட்டோவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் கேட்டது ஒரு வசனம்.
மாசி மாதத்து வியாழன் இரவு
நஸ்மியாவுக்கு நான் அனுப்பியது.
உப்புவெளி ஹோட்டலில்
வரவேற்பு மேசைக்கு நாங்கள் இரண்டு பேர்,
காசுப்பெட்டிக்கு ஒரு திறப்பு.
அன்று பதினெட்டாயிரம் குறைந்தது.

"நீ எடுத்திருக்க மாட்டாய்"
என்று எழுதினேன்.
அவ்வளவுதான் எழுதினேன்.

"எடுத்திருக்க மாட்டாய் *தானே*
எண்டுதான் எழுதினாய்" என்றாள் அவள்,
அடுத்த நாள், உடுப்பு மாற்றும் அறையில்,
அபாயாவின் ஊசியைப் பல்லில் கடித்தபடி.
பிறகு வேலையை விட்டாள்.
காசு வங்கிச் சிட்டையில் அகப்பட்டது,
மனேஜரின் கூட்டல் பிழை.
அதைச் சொல்ல எடுத்தேன். அடித்தது. அடித்து ஓய்ந்தது.

ஏழு நாளில் அந்த வசனம் போய்விட்டது.
எட்டாம் நாள், வெறும் திரையைப் பார்த்த கோபத்தில்
மிச்சக் கதையையும் நானே அழித்தேன்.

பெடியன் சொன்னான்:
"அறிவிப்பில ஒருநாள் நிக்கும் அக்கா,
அதுவும் உங்களுக்கு வந்தது மட்டும்.
நீங்க எழுதினது அவங்கட போனுக்குத்தான் வந்தது.
அங்கயும் இப்ப இராது."

எனக்கு அது புதிதாக இருந்தது.
என் சொல் என்னிடம் இல்லை,
கிண்ணியாவில், பாலத்துக்கு அந்தப் பக்கம்,
நான் போயிராத ஒரு வீட்டில்
ஏழு நாள் இருந்திருக்கிறது.

பையில் கிடந்த உடைந்த பழைய போனை
ஒரு நப்பாசையில் நீட்டினேன்.
வயரைக் கொளுவினான்.
"இது தானா எடுத்து வைச்சிருக்கு, பாருங்க,
இரவு ரெண்டு மணிக்கு."

வந்தது.
இரண்டு வருடம், கொடகொடவென்று.
*பாலத்தில மழை, பிந்துவன், சமாளி.*
*சூடை மீன் கிலோ என்ன விலை?*
*அறை பதினாலு வெள்ளைக்காரன் துவாயைக் கொண்டு போயிட்டான் டீ.*
*நோன்பு திறந்தாச்சு, கஞ்சி கொண்டு வாறன்.*
*சரி.*
*சரி சரி.*
ஒரு ஆட்டின் படம், காரணம் ஞாபகமில்லை.

அதற்குக் கீழே
சாம்பல் நிறத்தில், நடுவில், ஒரு வரி:
*மறையும் செய்திகளை நீங்கள் இயக்கினீர்கள்.*

அதன் பிறகு வெள்ளை.

நீங்கள்.
நான் இத்தனை மாதமும்
அவள்தான் போட்டாள் என்று இருந்தேன்.
அம்மாவிடம் சொன்னேன், வேலைத்தளத்தில் சொன்னேன்,
எல்லாம் அழியட்டும் எண்டு போட்டவள் அவள் என்று.
திகதியைப் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு மறுநாள்.
மனேஜரைப் பற்றி நாங்கள் கதைத்த பகிடிகள்
அவன் கண்ணில் படக்கூடாதென்று
கோணேசர் கோயில் ஏற்றத்தில், செருப்புக் காவலுக்கு நின்றபடி
நான்தான் அழுத்தினேன்.
விரலுக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

அப்படியென்றால்
அந்தத் தானேயும்?

"ஆயிரத்து ஐந்நூறு அக்கா."
கொடுத்தேன்.
மான் போய்விட்டிருந்தது, பொலித்தீன் கிடந்தது.

உட்துறைமுக வீதியில், மதகடியில் நின்று
அவள் பெயரைத் திறந்தேன்.
எழுத ஒன்றும் வரவில்லை.
மன்னிப்பென்று எழுதினால்
எதற்கென்று கேட்பாள், எனக்குத் தெரியாது.
அமைப்புக்குள் போய் அந்த மணிக்கூட்டை நிறுத்தினேன்.

சாம்பல் வரி ஒன்று விழுந்தது.
அவள் பக்கத்திலும் விழுந்திருக்கும்:
*மறையும் செய்திகளைச் சாருமதி நிறுத்தினார்.*

நிறுத்தினார்.
எங்களுக்குள் ஒருநாளும் அந்த 'ஆர்' இருந்ததில்லை.
சிரிப்பாள்.
சிரிப்பாள் தானே.

கிண்ணியா பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.
நடத்துனர் என்னைப் பார்த்து
"வாறதோ, இல்லையோ?" என்றார்.